மதிப்பெண் விமர்சனம் ஆகாது

இந்தியாவில் நடைபெறும் ஒளிப்படப் போட்டிகளில் ஆர்வலர் ஒருவருக்கு இறுதியில் கிடைப்பது ஓர் எண். மூன்று நடுவர்கள் இருட்டறையில் திரையை நோக்கி அமர்கின்றனர். படம் சில விநாடிகள் தோன்றுகிறது. ஒவ்வொருவரும் கையிலுள்ள பொத்தானை அழுத்துகின்றனர். மூன்று எண்களின் கூட்டுத்தொகை கணினியில் பதிவாகிறது. அடுத்த படம் வந்துவிடுகிறது. ‘சலோன்’ என்னும் பெயரில் நிகழும் கண்காட்சிப் போட்டிகளின் பொது நடைமுறை இதுவே. சில வாரங்கள் கழித்து, கட்டணம் செலுத்திப் படம் அனுப்பியவருக்கு மின்னஞ்சல் வருகிறது: ஏற்கப்பட்டது, அல்லது ஏற்கப்படவில்லை. பக்கத்தில் 9, 10, 11 என ஏதோ ஒரு கூட்டுத்தொகை. ஏன் 9, ஏன் 11 அன்று என்னும் கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் எவருமிலர்.

இந்த நடைமுறைக்கு ‘மதிப்பீடு’ என்று பெயர் சூட்டுவதே மொழிக்குச் செய்யும் அநீதி. ஓர் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர்கள் அறிக்கை எழுதாமல், ஆளுக்கு ஓர் எண்ணை மட்டும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தால் எந்த ஆய்வு மாணவர் அதனை ஏற்பார்? எந்த நெறியாளர் வாளாவிருப்பார்? ஆய்விதழின் மறுப்புக் கடிதம் எவ்வளவு கசப்பானதாயினும், அதில் எதிர்வாதம் புரிவதற்கான காரணம் ஒன்றேனும் இருக்கும். தம் கட்டுரைக்கு வந்த இரண்டு வரி மறுப்பைக் கண்டு கொதிக்கும் அதே பேராசிரியர்கள், கல்லூரிக் கலைவிழாவின் ஒளிப்படப் போட்டிக்கு நடுவர்களாக அமரும்போது, முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று மூன்று சீட்டுகளை எழுதிக்கொடுத்துவிட்டுத் தேநீர் அருந்தச் செல்கின்றனர்.

இதற்குக் கூறப்படும் முதல் சமாதானம் நேரமின்மை. ஆயிரக்கணக்கில் படங்கள் குவிகின்றன, நடுவர்கள் ஊதியமின்றி உழைக்கின்றனர், ஒவ்வொரு படத்துக்கும் எவ்வாறு உரை எழுதுவது என்கின்றனர். கணக்கிட்டுப் பார்க்கலாம். 3,000 படங்கள் வருவதாகவும், ஒவ்வொன்றும் 5 விநாடி திரையில் நிற்பதாகவும் கொண்டால், மொத்தம் 4 மணி 10 நிமிடம் ஆகிறது. இறுதிச் சுற்றுக்கு 60 படங்கள் எஞ்சுகின்றன எனில், அவற்றை நடுவர் மூவரும் ஆளுக்கு 20ஆகப் பிரித்துக்கொண்டு, படம் ஒன்றுக்கு 2 நிமிடம் செலவிட்டு மூன்று வரி எழுதினால், ஒருவருக்குக் கூடுதலாக ஆவது 40 நிமிடம். முதற்சுற்றிலேயே கழிக்கப்பட்ட படங்களுக்குத் தனித்தனிக் குறிப்பு இயலாது என்பது உண்மை. ஆனால் அவற்றில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட குறைகளைத் தொகுத்து இரண்டு பக்கப் பொது அறிக்கை வெளியிடுவது இயலாத செயலன்று. பரிசளிப்பு விழாவின் பொன்னாடைகளுக்கும் வரவேற்புரைகளுக்கும் இதைவிட அதிக நேரம் செலவாகிறது. எனவே இல்லாதது நேரமன்று; காரணம் கூறும் பொறுப்பை ஏற்கும் மனமே.

இதனைச் செய்துகாட்டிய மரபும் இல்லாமலில்லை. பிரிட்டனின் ஒளிப்படக் கழகங்களில், உள்போட்டிக்கு அழைக்கப்படும் நடுவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, அனைவரும் கேட்க வாய்விட்டுக் கருத்துக் கூறிய பின்னரே மதிப்பெண் வழங்குவது நெடுநாள் வழக்கம். 1853இல் தொடங்கப்பட்ட அந்நாட்டு அரச ஒளிப்படச் சங்கம், தன் தகுதிப்பட்டங்களை நாடுவோருக்கு முன்கூட்டியே ஆலோசனை நாள்களை நடத்துகிறது. அங்கும் சலிப்பூட்டும் நடுவர்கள் உண்டு, தவறான கருத்துகளும் உண்டு. ஆனால் வாய்விட்டுக் கூறப்பட்ட தவறான கருத்தை மறுக்க முடியும். எண்ணை மறுக்க முடியாது.

இரண்டாவது சமாதானம் சற்று நுட்பமானது. அழகுணர்ச்சி சொல்லில் அடங்காது, நல்ல படம் பார்த்தவுடன் தைக்கும், அதனை விளக்க முற்படுவது வீண் என்பது அது. இவ்வாறு கூறுவோர் ரோலான் பார்த்தைத் துணைக்கு அழைப்பதும் உண்டு. 1980இல் வெளிவந்த ‘கேமரா லூசிடா’ நூலில் அவர், பண்பாட்டுப் பயிற்சியால் அறிந்துகொள்ளத்தக்கதை ‘ஸ்டுடியம்’ என்றும், பார்ப்பவரைக் குத்தித் தைக்கும் தற்செயலான ஒன்றைப் ‘பங்க்டம்’ என்றும் பிரித்தார். ஆயின் அந்தத் தைப்பைப் பற்றி அவர் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து செல்லவில்லை, நூலே எழுதினார். அனைத்தையும் விளக்க இயலாது என்பது எதையும் விளக்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்றாகாது.

சொல்லற்ற தீர்ப்பின் முதல் தீங்கு, அது போலச் செய்தலை வளர்ப்பது. தம் படம் ஏன் தோற்றது என்று அறியாதவர், வென்ற படங்களைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்கிறார். வென்றது வாரணாசிப் படித்துறையில் புகைவிடும் சாது எனில், அடுத்த ஆண்டு நூறு சாதுக்கள் வருகின்றனர். வென்றது புஷ்கரின் புழுதியில் ஒட்டகங்கள் எனில் ஒட்டகங்கள். பர்சானாவின் வண்ணப்பொடி எனில் வண்ணப்பொடி. சேற்றில் பாயும் காளைகள் எனில் காளைகள். அந்த முதல் சாதுவின் படம் வென்றது முகத்தில் விழுந்த பக்கவாட்டு வெளிச்சத்தாலா, கண்ணிலிருந்த அயர்வாலா, பின்னணியின் வெறுமையாலா என்று நடுவர் ஒரு வரி எழுதியிருந்தால், கற்கும் இளைஞர் அந்த வெளிச்சத்தைத் தம் தெருவின் தையற்கடைக்குள் தேடியிருப்பார். காரணம் மறைக்கப்பட்டதால் பொருளை மட்டும் நகலெடுக்கிறார்.

பட்டங்களின் பொருளாதாரம் இதனை மேலும் கெடுக்கிறது. சர்வதேச ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு வழங்கும் தகுதிப்பட்டங்களுக்கு, பல நாட்டுப் போட்டிகளில் பெற்ற ஏற்புகளின் எண்ணிக்கை அடிப்படையாகிறது. எண்ணிக்கையே தகுதியாகும் இடத்தில், ‘இந்தப் படம் எங்கே தவறுகிறது?’ என்னும் கேள்வி ‘இந்தப் படம் எந்த நாட்டில் ஏற்கப்படும்?’ என்று உருமாறிவிடுகிறது. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் நீளுகின்றன, பார்வை நீளுவதில்லை.

இரண்டாவது தீங்கு, தீர்ப்பைச் சரிபார்க்க முடியாமல் போவது. இயற்கைப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். முன்னணிப் பன்னாட்டு அமைப்புகள் தமக்குள் ஒத்துக்கொண்ட வரையறையின்படி, காட்சியழகைக் காட்டிலும் படம் கூறும் இயற்கைக் கதைக்கே அதிக எடை தரவேண்டும். அக்கதையின் பிரிக்கமுடியாத பகுதியாக இருந்தாலன்றி மனிதர் செய்த பொருள்கள் இடம்பெறலாகாது. ஓரங்களை வெட்டலாம், உள்ளிருப்பதை நீக்கவோ புதிதாகச் சேர்க்கவோ கூடாது. இத்துணைத் தெளிவான விதிகள் இருக்க, ஒரு பறவைப் படத்துக்கு 8 கிடைக்கிறது. கிளைக்குப் பின்னால் தெரிந்த மின்கம்பியாலா, இறகின் கூர்மைக் குறைவாலா, கதையே இல்லாததாலா? எண்ணுக்குள் மூன்று காரணங்களும் ஒன்றாகப் புதைந்துவிடுகின்றன.

இதற்கு மாறான நிகழ்வொன்று நினைவுகூரத்தக்கது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2017இல் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படம் ஒன்றின் தகுதி 2018இல் நீக்கப்பட்டது. படத்திலிருப்பது உயிருள்ள விலங்கன்று, பதப்படுத்தப்பட்ட உடல் என்னும் ஐயம் எழுந்தபோது, வல்லுநர்கள் உரோமத்தின் அமைப்பையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். படமெடுத்தவர் மறுத்தார். எனினும் காரணங்கள் வெளிப்படையாக வைக்கப்பட்டிருந்தமையால், இரு தரப்பையும் எடைபோட எவராலும் முடிந்தது. தீர்ப்புக்குக் கண்ணியம் தருவது இந்த வெளிப்படைத்தன்மையே.

மூன்றாவது தீங்கு அறம் சார்ந்தது. இத்தாலிய ஒளிப்படக் கலைஞர் ஒருவர் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏழைக் கிராமத்தவரைப் போலி உணவு பரப்பிய மேசை முன் கண்ணை மூடி நிற்கச் செய்து எடுத்த படங்கள், 2018இல் ‘வேர்ல்டு பிரஸ் போட்டோ’ அமைப்பின் இன்ஸ்டாகிராம் கணக்கில் வெளியாயின. கடும் கண்டனம் எழுந்தது, எழுந்தது நியாயமே. ஆனால் அந்தக் கண்டனத்தில் குரல் சேர்த்தவர்களின் சொந்த ஊர்ப் போட்டிகளில் தொங்குபவை எவை? குப்பைமேட்டில் சிரிக்கும் குழந்தை. நடைபாதையில் உறங்கும் முதியவர். கூவாகத்தில் தாலியறுத்து அழும் திருநங்கையின் முகத்துக்கு ஓரடி தொலைவில் நீட்டப்பட்ட லென்ஸ். இப்படங்களுக்கு முன் நடுவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவர் சம்மதித்தாரா? எண்ணை அழுத்தும் பெட்டியில் அந்தக் கேள்விக்குப் பொத்தான் இல்லை. மேடையில் பரிசு பெறுபவர் ஒருவர். துயரம் படமாக்கப்பட்டவர் மற்றொருவர். விமர்சனம் வாய் மூடும்போது இழப்பு படமெடுத்தவருக்கு மட்டுமன்று.

எனினும் குற்றம் முழுவதையும் நடுவர் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. விமர்சனம் செத்ததற்கு அதனைப் பெற மறுப்போரும் உடந்தை. ஒளிப்பட ஆர்வலர் வட்டங்களில் புழங்கும் சொற்கள் ‘அருமை’, ‘நைஸ் கேப்சர்’, ‘செம கிளிக்’ ஆகியவையே. இவை கருத்துகள் அல்ல, மொய். இன்று எழுதியவருக்கு நாளை திருப்பி எழுதப்படும். இந்த மொய்க்கணக்கைக் குலைத்து, ‘வலப்பக்கத்துச் சிவப்பு வாளி கண்ணை இழுத்துச் செல்கிறதே’ என்று ஒருவர் கூறிவிட்டால், விடையாக வருவது வாளியைப் பற்றிய பேச்சன்று: அதிகாலை 4 மணிக்கு எழுந்த கதை, மலையேறிய கதை, கேமராவின் விலை, இறுதியாக ‘உங்கள் படத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்’ என்னும் அறைகூவல். பட்ட பாடு படத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்பது. பார்ப்பவருக்குக் கிட்டுவது சட்டத்துக்குள் இருப்பது மட்டுமே.

சங்கங்களுக்குக் கேள்வி கேட்போரைப் பிடிக்காமல் போவது புதிதன்று. வங்காள ஒளிப்படச் சங்கம் 1856இல் தொடங்கியது. அதன் பொறுப்பிலிருந்த இந்தியர்களுள் ஒருவர், பின்னாளில் ஆசியவியல் கழகத்தின் முதல் இந்தியத் தலைவரான இராஜேந்திரலால் மித்ரா. அவுரித் தோட்ட முதலாளிகளைக் கண்டித்துப் பேசியமைக்காக 1857இல் அவர் அச்சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அவர் விமர்சித்தது படத்தை அன்று, அதிகாரத்தை. ஆயினும் சங்கத்தின் ஒற்றுமைக்கு ஊறு என்னும் பெயரில் விமர்சகரை வெளியேற்றும் மனநிலை ஒன்றே. இன்று எவரும் நீக்கப்படுவதில்லை. அடுத்த ஆண்டு அழைப்பிதழ் வருவதில்லை, அவ்வளவே.

கடுமையே விமர்சனம் என்று கருதுவோரும் உளர். புதிதாக வந்த மாணவியின் படத்தைத் திரையிட்டு அரங்கைச் சிரிக்கவைப்பதும், கைப்பேசியில் எடுத்தது என்பதற்காகவே தள்ளுவதும், ‘மூன்றிலொரு பங்கு விதி’யைப் பாடமாக ஒப்பிப்பதும் விமர்சனமாகா. ஏளனத்துக்கும் காரணம் தேவைப்படுவதில்லை. அவ்வகையில் அது புகழ்மொழியின் உடன்பிறப்பே.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த விமர்சன முறை இங்கே பயன்தரும். படைப்பில் பொருள் தந்தது எது என்று பார்த்தோர் முதலில் கூறுவர்; பின்னர்ப் படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பார்; அதன்பின் பார்த்தோர் சார்பற்ற கேள்விகளைக் கேட்பர்; இறுதியாக, படைத்தவர் இசைந்தால் மட்டும், தம் கருத்தை உரைப்பர். நான்கு படிகளிலும் பேச்சு படைப்பைவிட்டு ஆளின்மேல் பாய்வதில்லை. கொடுப்பவருக்குச் சொல்லடக்கத்தையும், பெறுபவருக்குச் செவியடக்கத்தையும் ஒருங்கே பயிற்றும் இம்முறைக்குக் கருவியோ நிதியோ வேண்டியதில்லை. ஒரு வகுப்பறையும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

விமர்சனத்தின் துணிவுக்கு நக்கீரரை மேற்கோள் காட்டாத தமிழ் மேடை இல்லை. ஆனால் திருவிளையாடல் கதையில் பெரும்பாலும் கவனிக்கப்படாத பகுதி ஒன்றுண்டு. தருமி பொற்கிழிக்காக வந்தவர். கொண்டுவந்ததும் அவர் இயற்றிய பாட்டன்று. நக்கீரர் அப்பாட்டுக்கு மூன்றோ நான்கோ மதிப்பெண் இட்டு அனுப்பிவிடவில்லை. கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டென்பது பொருட்குற்றம் என்று காரணத்தைச் சபையறியக் கூறினார். காரணம் கூறப்பட்டதால்தான் பாட்டுக்கு உரியவர் வந்து வாதிட முடிந்தது. நக்கீரர் கூறியது சரியா என்று இன்றுவரை வழக்காட முடிவதும் அதனாலேயே. சங்கப்பலகையில் மதிப்பெண் பொத்தான் இருந்திருந்தால் அக்கதை அன்றே முடிந்திருக்கும்.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. இறுதிச் சுற்றுப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் நடுவர் மூன்று வரி எழுதவேண்டும்; அது நடுவரின் பெயருடன் வெளியாகவேண்டும். கழிக்கப்பட்ட படங்களுக்குப் பொது அறிக்கை வேண்டும். மனிதர் முகம் இடம்பெறும் படத்துக்குச் சம்மதம் பற்றிய கேள்வி நுழைவுப் படிவத்திலேயே இருக்கவேண்டும். விளக்கம் கேட்கும் உரிமை போட்டியாளருக்கு ஒருமுறையேனும் வேண்டும்; கேட்ட விளக்கத்தைக் கேட்டுக்கொள்ளும் பொறுமையும் அவருக்கு வேண்டும். பெரிய அமைப்புகள் இவற்றை ஏற்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரும் கலைவிழாவில் ஒளிப்படப் போட்டி நடத்தவிருக்கும் கல்லூரிகளின் மாணவர் மன்றங்கள், நடுவருக்கு அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: எண்ணோடு காரணமும் தருக. அதற்கு இசையாதவருக்குப் பார்வையாளர் வரிசையில் இடம் உண்டு.