தூக்குறதுக்கு முன்னாடி காத்தை இறக்குங்க

சிக்கல்னு சொன்னதும் பாதிப் பேர் நாகப்பட்டினம் பக்கத்துல இருக்கிற சிங்காரவேலர் கோயிலை நினைப்பீங்க. மீதிப் பேர் "என்ன சிக்கல்?"னு கேட்பீங்க. எங்க ஊர் ராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல். கண்மாய், சீமைக்கருவேலங்காடு, கடல் பக்கம் போனா வாலிநோக்கம் உப்பளம். மலைன்னு ஒண்ணைப் பார்க்கணும்னா பஸ் ஏறித்தான் போகணும். இப்படித் தட்டையா கிடக்கிற ஊர்லேயே பழைய ஜீப்பை வாங்கி "லிஃப்ட்" பண்ற ஆசை வந்தாச்சு. நம்ம காலேஜ்ல அது இன்னும் ஜாஸ்தி. மெக்கானிக்கல் படிக்கிறேன்னு தெரிஞ்சா போதும், "ப்ரோ, கம்மி பட்ஜெட்ல ரெண்டு இஞ்ச் தூக்க முடியுமா?"ன்னு கேக்குறாங்க.

முடியும். ஆனா நம்ம பக்கத்து வண்டிக்கு அது கடைசியா செய்ய வேண்டிய வேலை, பல வண்டிக்குச் செய்யவே வேண்டாத வேலைங்கிறது என் கட்சி. பழைய பார்ட்ஸ் வாங்குறதுக்கு நான் எதிரி இல்லை. எதைப் பழசா வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுங்கிறதுலதான் எனக்குச் சண்டை.

முதல்ல லிஃப்ட்னா என்னன்னு பார்த்துடுவோம். பழைய மஹிந்திரா ஜீப், ஜிப்ஸி மாதிரி வண்டிகள்ல நாலு பக்கமும் ஸ்பிரிங் பட்டைதான். ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இருக்கிற அந்தப் பட்டையையோ, அது தொங்குற ஷேக்கிளையோ மாத்தி சேஸிஸை மேல ஏத்துறதுதான் சஸ்பென்ஷன் லிஃப்ட். இங்க கவனிங்க, மேல போறது சேஸிஸும் பாடியும் மட்டும். ஆக்சில் அங்கேயேதான் இருக்கு. ஆக்சில் நடுவுல பானை மாதிரி தொங்குற டிஃபரன்ஷியல்தான் வண்டியிலேயே தரைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற இடம். லிஃப்ட் பண்ணினா அது ஒரு மில்லிமீட்டர் கூட உயராது. அது உயரணும்னா பெரிய டயர் போடணும். அந்தப் பெரிய டயர் மட்கார்டுல உரசாம இருக்க இடம் கொடுக்கிறது, சரிவுல ஏறும்போது பம்பர் இடிக்காம காப்பாத்துறது, இதுதான் லிஃப்ட்டோட நிஜமான உபயோகம். "கிளியரன்ஸ் வேணும், அதான் லிஃப்ட்"னு சொல்றவங்ககிட்ட ஒரு டேப்பைக் கொடுத்து டிஃபரன்ஷியலுக்குக் கீழ அளக்கச் சொல்லுங்க.

அந்த உயரம் தேவைப்படுற இடம் இல்லாம இல்லை. சூரியநெல்லியிலேர்ந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுற பாதை முழுக்கப் பாறையும் பள்ளமும். நம்ம கடற்கரை அப்படி இல்லையே. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சதுக்கு அப்புறம், ஐம்பது வருஷத்துக்கு மேல அங்க ஒழுங்கான ரோடு கிடையாது. வேனும் ஜீப்பும்தான் மணல்லயும் கணுக்கால் அளவு கடல் தண்ணியிலயும் ஆளுங்களை ஏத்திட்டுப் போச்சு. 2017 ஜூலையில அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்தப்புறம் அந்த ஓட்டம் நின்னு போச்சு. தமிழ்நாட்டுல ஆஃப் ரோடு ஓட்டுறதைப் பொழப்பா வச்சிருந்த இடங்கள்ல அது முக்கியமான ஒண்ணு. ரீல்ஸ் எடுக்கத்தான் ஆள் இல்லை. அந்தப் பாதையில எதிரி பாறை இல்லை, மணல். மணலுக்கு உயரம் தேவையில்லை, டயர் தரையில பதியுற பரப்பு தேவை. அந்தப் பரப்பு ஓசியிலேயே கிடைக்கும். ரோட்டுல 28, 30 பி.எஸ்.ஐ. வச்சிருக்கிற டயரை மணல்ல இறங்குறதுக்கு முன்னாடி 16, 18-க்கு இறக்கினா டயர் அகலமா, நீளமாப் பரவி உட்காரும். புதையுற வண்டி நகரும். டியூப் டயர்னா அதுக்கும் கீழ போகாதீங்க, ரிம் சுத்தி டியூப் வால்வு அறுந்துடும். ரோட்டுக்கு ஏறினதும் திரும்பக் காத்து அடிக்கணும். பேட்டரியில ஓடுற சின்ன கம்ப்ரெசர் ஒண்ணுதான் செலவு.

(மணல்ல இறங்குறதுன்னு சொல்லிட்டேன்ங்கிறதுக்காக ஆமை முட்டையிடுற சீசன்ல ராத்திரி கடற்கரையில ஜீப் ஓட்டாதீங்க. தனுஷ்கோடியில வனத்துறை முட்டையைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்துல வைக்கிறாங்க. எல்லாக் குழியும் அவங்க கண்ணுல பட்டுடாது.)

இனி "கம்மி பட்ஜெட்" விஷயத்துக்கு வருவோம். இருக்கிறதுலேயே மலிவான வழி ஷேக்கிளை நீளமாக்குறது. லேத் பட்டறையில ரெண்டு இரும்புத் தகடை வெட்டி ஓட்டை போட்டா முடிஞ்சது. ஷேக்கிளை 50 மி.மீ. நீட்டினா ஆக்சில் இருக்கிற இடத்துல அதுல பாதி, 25 மி.மீ.தான் உயரும். ஸ்பிரிங்கோட ஒரு முனை மட்டும் இறங்குறதால ஆக்சிலும் கூடவே சுழலும். எவ்வளவு சுழலும்? பழைய ஜீப்போட முன் ஸ்பிரிங் நீளம் சுமார் 900 மி.மீ. அதுல ஒரு முனை 50 மி.மீ. இறங்கினா கோணம் 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. வில்லிஸ் வழி வந்த ஜீப்களோட காஸ்டர் கோணமே சுமார் 3 டிகிரிதான். முன் ஸ்பிரிங்கோட முன்முனையில ஷேக்கிள் இருக்கிற வண்டின்னா, ஒரு இஞ்ச் உயரத்துக்காக மொத்த காஸ்டரையும் பலி கொடுத்தாச்சு.

காஸ்டர் இல்லாட்டி என்ன ஆகும்? ஸ்டியரிங்கைத் திருப்பி விட்டா அது தானா நேர் நிலைக்கு வராது. பட்டறை வாசல்ல இது தெரியாது. ஈ.சி.ஆர்.ல 70-ல போகும்போது வண்டி நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். ஒரு ஆடு குறுக்க வந்து நீங்க ஒடிச்சீங்கன்னா மிச்சக் கதை தனியா சொல்ல வேண்டாம். உயரத்தையும் கணக்குல சேருங்க. டயர்களுக்கு நடுவுல 1.2 மீட்டர், புவியீர்ப்பு மையம் தரையிலேர்ந்து 0.7 மீட்டர்னு வச்சுக்குவோம். வண்டி கவிழுற எல்லை ஏறக்குறைய 0.86 ஜி. மையம் 5 செ.மீ. ஏறினா அது 0.8. முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸ்தான் இது, ஆனா யாரும் தன் வண்டிக்குப் போட்டுப் பார்க்கிறது இல்லை.

ஷேக்கிளுக்கு அடுத்த மலிவு வழி, இருக்கிற பட்டையையே கழட்டிக் காய்ச்சி வளைக்கிறது. திருப்பாச்சி அருவா ஊர்க்காரங்களுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு இதைச் சொல்றதுக்குத் தைரியம் வேணும், இருந்தாலும் சொல்றேன். லாரிப் பட்டையில அடிச்ச அருவா நல்லா இருக்கும், காய்ச்சி வளைச்ச பட்டை ஸ்பிரிங்கா நல்லா இருக்காது. ஸ்பிரிங் ஸ்டீலோட குணமே அதைச் சூடாக்கி, எண்ணெயில குளிர வச்சு, திரும்ப அளவாச் சூடு கொடுத்து டெம்பர் பண்றதுலதான் இருக்கு. உலையில செக்கச்செவேல்னு காய்ச்சி வளைச்சு அப்படியே ஆற விட்டா அந்தக் குணம் போயிடும். ஒரு மாசம் உயரமா நிக்கும், அப்புறம் பழையபடி தொங்கும். தண்ணியில முக்கிட்டா இன்னும் மோசம், கண்ணாடி மாதிரி முறியும்.

2010-ல வந்த தாருக்கு முன்னாடி டார்ஷன் பார். அதுல அட்ஜஸ்டர் போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் உயரும், காசே வேண்டாம். ஆனா சக்கரம் கீழ இறங்குறதுக்கு மிச்சம் இருந்த தூரத்தை எடுத்துத்தான் அந்த உயரம் வருது. பள்ளத்துல சக்கரம் அந்தரத்துல நிக்கும், பால் ஜாயின்ட்டும் ஆக்சில் பூட்டும் சீக்கிரம் போகும். அதுக்கு மேல அதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லை.

சரி, பழைய பார்ட்ஸ். சென்னை புதுப்பேட்டையில கிடைக்காத பொருள் இல்லைங்கிறாங்க. உண்மைதான், அதுதான் பிரச்சினையும். தேய்மானத்தைக் கண்ணால பார்த்து, அளந்து சொல்லக்கூடிய பொருளைப் பழசா வாங்கலாம்ங்கிறது என் விதி. இரும்பு ரிம், பம்பர், ஆக்சில் ஹவுசிங், கியர் பல்லைத் திறந்து பார்க்க விட்டாங்கன்னா டிரான்ஸ்ஃபர் கேஸ், இதெல்லாம் சரி. ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், டை ராடு எண்ட், யூ போல்ட், இதுல எதையும் பழசா வாங்காதீங்க. யூ போல்ட் ஒரு தடவை முறுக்கினதும் நீண்டுடும், திரும்பப் போட்டா அதே பிடி கிடைக்காது. நாலு யூ போல்ட்டுல மிச்சம் பிடிச்ச காசுக்கு ரெண்டு பிரியாணி வரும். ஆக்சில் அதுலதான் தொங்குது.

டயர் பழசுன்னா பக்கவாட்டுல இருக்கிற கடைசி நாலு எண்ணைப் படிங்க. 2319-னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு ஆழமா இருந்தாலும் ரப்பர் கிழடு கிழடுதான்.

பழைய ஸ்பிரிங் பட்டையே வாங்கியாகணும்னா கடலோர வண்டியிலேர்ந்து கழட்டினதை மட்டும் தொடாதீங்க. பட்டைகளுக்கு நடுவுல உப்பு இறங்கி அரிச்ச ஒவ்வொரு குழியும் ஒரு விரிசலோட ஆரம்பம். மத்ததை இப்படிச் சோதிக்கலாம். பட்டையைப் பிரிச்சுத் தேய்ச்சுக் கழுவி, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, நல்லாத் துடைச்சுட்டு சாக்பீஸ் பொடியைப் பூசுங்க. விரிசல் இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் ஊறி வெளிய வந்து கோடு காட்டும். நடு போல்ட் ஓட்டையைச் சுத்தி முக்கியமாப் பாருங்க. லேப்ல டை பெனட்ரன்ட் இருந்து, சாரும் நல்ல மூட்ல இருந்தா இன்னும் சுலபம்.

எங்க ஊர்ப் பக்கத்து ஜூனியர் ஒருத்தன் அவங்க அப்பா ஜீப்பைத் தூக்கணும்னு நிக்கிறான். கரிமூட்டத்துலேர்ந்து கரி மூட்டை ஏத்துற ஜீப் அது. மூட்டை இல்லாத நாள்ல அவங்க வீட்டாளுங்க முதுகுளத்தூர் போறதும் அதுலதான். ஒரு ஞாயித்துக்கிழமை போட்டோவுக்காக உயர்த்தின வண்டியில திங்கட்கிழமை மூட்டை அடுக்கப் போறாங்க. அவனுக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, முதல்ல உங்க ஜீப் எவ்வளவு தொங்கிப் போயிருக்குன்னு அள."

ஏன்னா வருஷக்கணக்கா சுமை ஏத்தின பட்டை தளர்ந்து, வண்டி கம்பெனி உயரத்துலேர்ந்து ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் கீழேதான் நிக்கும். கம்பெனி அளவுலேயே புது ஸ்பிரிங், புது புஷ், புது ஷாக் போட்டா அந்த உயரம் திரும்பக் கிடைக்கும். காஸ்டர் கெடாது, ப்ரொபல்லர் ஷாஃப்ட் கோணம் மாறாது, பிரேக் ஹோஸ் இழுக்காது. லேத்துல செஞ்ச ஷேக்கிளை விட செலவு அதிகம்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஷேக்கிளுக்குப் பின்னாடியே வர்ற வெட்ஜ், நீள ஷாக், நீள ஹோஸ், மாசம் ஒரு கிராஸ் ஜாயின்ட், எல்லாத்தையும் கூட்டினா அந்த வித்தியாசம் நிக்காது.

சட்டமும் அந்தப் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனியோட அசல் விவரத்துலேர்ந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் கேரள வழக்கு ஒண்ணுல இதையே உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி ரெண்டுமே. ஓனர்னா ஆர்.சி.யில பேர் இருக்கிறவர். நம்மில் பல பேருக்கு அது அப்பா.

இதெல்லாம் படிச்சும் ஸ்பிரிங்கை நீங்களே மாத்தப் போறீங்கன்னா, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க, சேஸிஸுக்குக் கீழ ஸ்டாண்டு வைங்க. ஷேக்கிள் போல்ட்டையும் புஷ் போல்ட்டையும் வண்டி நாலு சக்கரத்துல தரையில நின்னப்புறம் கடைசியா முறுக்குங்க, தொங்கும்போது முறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே கிழியும். யூ போல்ட்டை டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் திரும்ப ஒரு தடவை பாருங்க. டார்க் ரெஞ்ச் நம்ம ஆட்டோமொபைல் லேப்ல இருக்கு, ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு எடுத்துக்கலாம்.