தூண்டிலுக்கு முந்திய பாடம்



பள்ளி விடுமுறை வந்தால், கலும்பாங் வட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகள் தூண்டிலும் மண்புழுவுமாக ஆற்றை நாடுவர். "ஆற்றுப் பக்கம் போகாதே" என்று அதட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? தடை மட்டும் போதாது. கற்பித்தலே காக்கும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்தபின் பனிக்கட்டியில் துளையிட்டு 'வால்ஐ' என்னும் மீனைப் பிடிப்பர். அங்கே புதியவருக்குரிய முதற்பாடம் தூண்டிலைப் பற்றியதன்று. பனிக்கட்டியின் தடிமனைப் பற்றியது. அதன்மேல் நடப்பதற்குத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் இருத்தல் வேண்டும். அதனையும் இடத்துக்கு இடம் அளந்தே முன்செல்ல வேண்டும்.

நம் ஆறுகளில் பனிக்கட்டி இல்லை; 'கெப்பாலா ஆயர்' உண்டு. தித்திவங்சா மலைத்தொடரில் பெய்யும் கனமழை, கீழே வெயிலடிக்கும் வேளையிலும் திடீர் வெள்ளமாய்ப் பாய்ந்து வரும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், நீர்மட்டம் விரைந்து உயர்தல், மேற்புறத்தில் இரைச்சல் கேட்டல் ஆகியன அதன் அறிகுறிகள். கண்டவுடன் தூண்டிலை விட்டுவிட்டு மேட்டில் ஏறிவிட வேண்டும். தூண்டிலை வேறு வாங்கிக்கொள்ளலாம்.

விராலையும் கெளுத்தியையும் இனங்காணும் நம் பிள்ளைகள் இவ்வறிகுறிகளை அறிவார்களா? ஆசிரியர்கள் விடுமுறைக்கு முன் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம். பெற்றோர்கள் உடன் சென்று ஆற்றங்கரையிலேயே காட்டலாம். பெரியவர் துணையின்றி எப்பிள்ளையும் ஆற்றுக்குச் செல்லலாகாது.

முதலில் நீரை அறியட்டும். பிறகு மீன் பிடிக்கட்டும். சிந்திப்போம், செயற்படுவோம்.