பெயிண்டைத் தொடாதீர்கள், ஃப்ரெட்டை மாற்றுங்கள்

1961-ல் ஃபெண்டர் நிறுவனம் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் ஒன்று, 1963-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு கடைக்குப் பழைய சரக்காக விற்பனைக்கு வந்தது. பின்னாளில் கிட்டார் கலைஞராகப் பெயர்பெற்ற ரோரி கேலகர், தன் 15 வயதில் அதை 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார். 1995-ல் இறக்கும்வரை அதை அவர் கைவிடவில்லை. இடையில் டப்ளினில் அது திருடுபோய், மழையில் ஒரு பள்ளத்தில் கிடந்து திரும்பக் கிடைத்தது. மழை பாதி, மேடை வியர்வை பாதி என்று பூச்சின் பெரும்பகுதி உரிந்து மரமே வெளியில் தெரிந்தது. 2024-ல் லண்டனில் நடந்த ஏலத்தில் 8,89,400 பவுண்டுக்கு விலைபோன அந்தக் கிட்டார், அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடையாகச் சென்றது.

அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உரிந்த பெயிண்டோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதே கிட்டாரில் ஃப்ரெட்டுகள் பலமுறை மாற்றப்பட்டிருக்கின்றன. தந்தியை முறுக்கும் ட்யூனர்களும் பழையவை அல்ல; ஆறில் ஒன்று மற்ற ஐந்துக்கும் ஜோடி சேராது. வாசிக்கத் தேவையானது தேய்ந்தபோதெல்லாம் மாறியது, வாசிப்புக்குத் தொடர்பில்லாத பூச்சு விட்டபடியே இருந்தது. பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைச் சீரமைக்க நினைக்கும் எவருக்கும் இதுவே சரியான வழி என்பேன். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயிண்டை முதலில் சுரண்டிவிடுகிறார்கள். ஃப்ரெட்டைத் தொடத் தயங்குகிறார்கள்.

பெயிண்ட் ஏன் இவ்வளவு முக்கியம்? மெல்லிய பூச்சுக்குள் மரம் மூச்சுவிடுகிறது, அதனால் ஒலி இனிக்கிறது என்று சொல்வார்கள். ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியை முதலில் தீர்மானிப்பவை தந்தியும், அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும்தான். பூச்சின் பங்கு மிகச் சிறியது. பூச்சைக் காப்பாற்றச் சொல்வதற்குக் காரணம் வேறு. அது அந்தக் கிட்டாரின் சான்றிதழ். அறுபதுகளின் பிற்பகுதி வரை ஃபெண்டர் பயன்படுத்தியது மெல்லிய லாக்கர். அதில் நைட்ரோசெல்லுலோஸ் வகை ஆண்டுகள் போகப்போகச் சுருங்கி, மஞ்சளித்து, குளிரில் நூல் நூலாக விரிசல் விடும். அந்த விரிசல்களின் போக்கை, திருகு ஓட்டைகளுக்குள் படிந்த பழைய பூச்சை, உடலின் முகப்பில் பூட்டிய பிளாஸ்டிக் தகட்டுக்கு அடியில் மங்காமல் இருக்கும் நிறத்தைப் பார்த்துத்தான் அசல் எது, பின்னால் அடித்தது எது என்று விவரமறிந்தவர்கள் சொல்கிறார்கள். உப்புத்தாள் பட்டால் அத்தனையும் போய்விடும். எவ்வளவு அழகாகத் திரும்ப அடித்தாலும் சந்தையில் அந்தக் கிட்டார் ஏறத்தாழ பாதி விலைக்கே போகும். பூச்சு பெயர்ந்துகொண்டே வந்தால், பெயரும் ஓரத்தில் மட்டும் சொட்டு லாக்கர் வைத்து ஒட்டிக்கொள்ளச் செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஃப்ரெட்டின் கதை வேறு. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் அந்த உலோகக் கம்பிகள் தேய்வதற்கென்றே இருப்பவை, வண்டியின் டயர் மாதிரி. முதல் மூன்று நான்கு ஃப்ரெட்டுகளில் தந்திக்கு நேர் கீழே பள்ளம் விழும். அங்கே விரல் வைத்தால் தந்தி அடுத்த ஃப்ரெட்டில் உரசி இரையும், சுருதியும் விலகும். பள்ளம் ஆழமில்லை என்றால் எல்லா ஃப்ரெட்டையும் ஒரே மட்டத்துக்கு அரம்போட்டு, உச்சியை மறுபடி உருட்டிவிட்டால் போதும். ஆழமாகிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். நல்ல கைவினைஞர் பழைய ஃப்ரெட்டைச் சட்டென்று பிடுங்க மாட்டார். சால்டரிங் இரும்பின் முனையை அதன்மேல் வைத்துச் சூடேற்றுவார். பிறகு முகம் தட்டையாகத் தீட்டிய குறடை ஒரு ஓரத்தில் நுழைத்து, மயிரிழை மயிரிழையாக மேலே நகர்த்துவார். அவசரப்பட்டால் ஃப்ரெட்டின் அடிப்பல்லோடு விரற்பலகையின் ரோஸ்வுட் சில்லும் பெயர்ந்து வரும். மேப்பிள் கழுத்தென்றால் கவலை கூடுதல், ஃப்ரெட்டின் இருபுறமும் லாக்கர் படிந்திருக்கும். இந்த ஒரு வேலைக்குப் பணம் பார்க்காமல் தேர்ந்தவரிடம் போங்கள்.

உள்ளே இருக்கும் மின்பாகங்களில் கை வைக்கும் முன் பொறுமை வேண்டும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால், பெரும்பாலும் உள்ளே தூசியும் துருவும்தான். கான்டாக்ட் கிளீனர் இரண்டு பீச்சு பீச்சி, குமிழை முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினாலே பல நேரம் சரியாகிவிடும். அந்தப் பாகத்தைக் கழற்றி வீசினால் கிட்டாரின் வயதைச் சொல்லும் ஒரு சாட்சி போய்விடும். அதன் முதுகில் 1376612 என்று இருந்தால், 137 என்பது அதைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 66 ஆண்டு, 12 வாரம். பாகம் அசல் என்றால் கிட்டார் அதற்கு முன் பூட்டப்பட்டிருக்க முடியாது.

பிக்கப் ஊமையானாலும் உடனே புதிது வாங்க வேண்டாம். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒவ்வொரு பிக்கப்பிலும் தலைமுடி அளவே மெல்லிய 42 கேஜ் தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். நல்ல நிலையில் மல்டிமீட்டர் ஐந்தரை முதல் ஆறரை கிலோ ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அது வெளிமுனையில், சால்டர் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மீட்கக்கூடியது. உள்ளே அறுந்திருந்தால் அதே காந்தங்களை வைத்துக்கொண்டு மறுபடி சுற்றச் சொல்லுங்கள்.

1959-லிருந்து அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த செல்லுலாய்டு முகப்புத் தகடுகளிடம் தனி எச்சரிக்கை தேவை. அவை சுருங்கியிருக்கும், திருகும் ஓட்டையும் நேராக இராது. இழுத்து முடுக்கினால் ஓரம் பிளந்துவிடும், ஒரு திருகு குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள்.

பழுது பார்க்கக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும், திறந்த நிலையில் உள்பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். கழற்றிய ஒவ்வொரு திருகையும் ட்யூனரையும் பழைய ஃப்ரெட்டையும் திரும்பக் கேட்டு வாங்கி, ஒரு உறையில் போட்டு கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். விற்கும் நாளில் அந்த உறையும் கிட்டாரோடு போகட்டும்.