பங்குனியில் கூந்தன்குளம்

பறவை பார்க்கப் போகிற நண்பர்கள் மார்கழி, தையிலேயே கூந்தன்குளத்துக்குப் போய்வந்து படம் காட்டிவிடுவார்கள். பங்குனியில் போகலாம் என்றால், "அந்த வெயிலில் என்னய்யா இருக்கும்?" என்பார்கள். அந்தக் குளக்கரையில் நடக்க அதுதான் சரியான மாதம் என்பது என் கட்சி. ஒரு கூட்டம் ஊருக்குப் புறப்படுகிறது, இன்னொரு கூட்டம் பிள்ளை வளர்க்கிறது. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். விடியும்போதே கரையில் இருக்க வேண்டும். இரவு வயல்களில் மேய்ந்த வரித்தலை வாத்துகள் குளத்துக்குத் திரும்பும் நேரம் அது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு, அடையாளம் காண அது போதும். பங்குனியில் இந்தக் கூட்டம் மெலியத் தொடங்கும். போவது இமயத்துக்கு அப்பால், திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும். இந்த வாத்துகள் 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் இறுகப் பிடித்துக்கொள்ளும் ரத்தம் அவற்றுக்கு. நாங்குநேரிப் பக்கத்து வயலில் தின்ற தீனியின் தெம்பும் அந்தப் பயணத்தில் கொஞ்சம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மஞ்சள்மூக்கு நாரைகளின் கதை வேறு. குளத்து மரங்கள் போதாமல் ஊருக்குள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டியிருக்கும். கீழே நடக்கும்போது குடை நல்லது, வெயிலுக்காக மட்டும் அல்ல. பெரிய நாரைகள் அலகைத் தட்டுவதோடு சரி, குரல் என்று பெரிதாக இல்லை. இரைச்சலெல்லாம் குஞ்சுகளுடையது. குளங்கள் வற்றும் காலத்தில் ஏன் குஞ்சு பொரிக்க வேண்டும்? இந்த நாரை மீனைக் கண்ணால் தேடிப் பிடிப்பதில்லை. பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டுத் துழாவும். மீன் பட்டதும் கவ்விக்கொள்ளும். தண்ணீர் சுண்டச் சுண்ட மீன்கள் நெருங்கும், துழாவுகிறவனுக்கு வேட்டை.

வெயிலேறியதும் தாயோ தகப்பனோ சூரியனுக்கு முதுகு காட்டி இறக்கையை விரித்து நிற்கும். குஞ்சுகள் அந்த நிழலில் ஒண்டிக்கொள்ளும். சூடு தாங்க நாரை தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். ஈரம் காயக் காய உடம்பு குளிரும். இளஞ்சிவப்புக் கால் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருப்பது அதனால்தான். நாம் முகம் சுளிக்கிற இந்த எச்சம் கலந்த குளத்து வண்டலை ஊர்க்காரர்கள் வயலுக்கு உரமாக அள்ளுகிறார்கள்.

கூந்தன்குளம் சரணாலயமானது 1994இல். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. அரசாணைக்கு முன்பிருந்தே காவல் ஊருடையது. தீபாவளிக்கு வெடி போடாத ஊர். எனக்கு எரிச்சலூட்டுவது பீரங்கி லென்ஸோடு கூட்டுக்கு அடியில் போய் நிற்கிறவர்கள்தான். மிரண்டு தாய் எழுந்துவிட்டால் மொட்டைக் குஞ்சு வெயிலில் வதங்கும். அப்படி ஒருவரை ஊர்ப் பெரியவர், "சார், தள்ளி வாங்க, அது எந்திரிச்சிரும்" என்று விரட்டினார்.

"அண்ணாச்சி, இந்த நாரை எப்போ கெளம்பும்?" என்றேன்.

"குஞ்சு பறந்துட்டா போயிரும். மழ இல்லாத வருசம் எட்டிக்கூடப் பாக்காது. மணிமுத்தாறு கால்வாய்ல தண்ணி வந்தாத்தான் எங்களுக்கும் வெள்ளாம, அதுகளுக்கும் குஞ்சு."