இலைக்கு உரிமம், பூவுக்குச் சிறை: கஞ்சாச் சட்டத்தின் வர்க்க முகம்

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவர் தம் வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம். கனடாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2018 அக்டோபர் முதலே ஒரு வீட்டுக்கு நான்கு செடிகளுக்கு அனுமதி உண்டு. இதைச் சுட்டிக்காட்டி, மாணவர் அரங்கில் பணியாற்றும் இளந்தோழர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "வீட்டுக்குள் ஒரு தொட்டியில் செடி வைப்பது தனிமனித உரிமைதானே தோழர்? இதை நாம் ஏன் கோரக்கூடாது?" அருகிலிருந்த மூத்த தோழர் சினந்தார்: "குடிசைப் பகுதிகளில் நம் பிள்ளைகள் சீரழிகிறார்கள். உழைப்பாளர் கட்சி கஞ்சாவுக்குக் கொடி பிடிப்பதா?"

இருவர் சொல்லிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் கம்யூனிஸ்டுகள் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வியை இருவருமே எழுப்பவில்லை. இன்றைய சட்டம் யாரைச் சிறையில் தள்ளுகிறது? நாளை அது தளர்த்தப்பட்டால் யாருடைய கல்லாப்பெட்டி நிறையும்?

சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வர்க்கம்

மொழிபெயர்ப்பாளனுக்குச் சட்டத்தின் வரையறைப் பிரிவுகளே முதல் வாசல். 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் கஞ்சாவுக்குத் தரும் வரையறையைத் தமிழாக்கும்போது பேனா தயங்கி நிற்கும். கஞ்சாச் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளே கஞ்சா. நுனியோடு சேராத விதையும் இலையும் கஞ்சா ஆகா. பிசினும் குற்றம், பூவும் குற்றம். தனித்த இலை மட்டும் இச்சட்டத்தின் பிடிக்கு வெளியே நிற்கிறது.

இந்தச் சிறு விலக்கின் நிழலில்தான் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகள் பட்டப்பகலில் நடக்கின்றன. ஹோலிப் பண்டிகையன்று பாங் கலந்த பானம் அருந்தும் வணிகரைத் தேடி எந்தக் காவலரும் வருவதில்லை. அதே செடியின் பூவைப் பீடியில் சுருட்டிப் புகைத்த சுமைதூக்கும் தொழிலாளிக்கு விலங்கு காத்திருக்கிறது. தாவரம் ஒன்று, அதன் போதைக்கூறும் ஒன்று. அருந்துவோரின் சமூகத் தகுதி மட்டுமே வேறு.

இந்தச் சட்டம் இம்மண்ணின் அனுபவத்திலிருந்து பிறந்ததும் அன்று. காலனி அரசு 1893இல் அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை தேவையில்லை என்று அது முடிவுகூறியது. அந்த ஆணையத்தைப் புகழும் தாராளவாதிகள், கலால் வருவாயின் மீது காலனி அரசுக்கு இருந்த கண்ணை மறந்துவிடுகிறார்கள். பின்னர் 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒற்றை ஒப்பந்தம் கஞ்சாவைக் கடுந்தடைப் பட்டியலில் சேர்த்தது. மரபான பயன்பாட்டை ஒழிக்க 25 ஆண்டு அவகாசம் தந்தது. அமெரிக்காவில் ரீகன் ஆட்சி 'போதைக்கு எதிரான போரை' முழங்கிக்கொண்டிருந்த 1985இல், ராஜீவ் காந்தி அரசு இச்சட்டத்தைச் சில வாரங்களுக்குள் நிறைவேற்றியது. நவம்பர் 14 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

எடைக்கல்லின் நீதி

இளந்தோழர் கேட்ட ஒற்றைத் தொட்டிச் செடிக்கு இந்தச் சட்டம் விதிப்பது என்ன? பயிரிடும் குற்றத்துக்குப் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வைத்திருத்தலுக்குச் 'சிறு அளவு' என்ற சலுகை உண்டு. பயிரிடுதலுக்கு அதுவும் இல்லை. சன்னலோரச் செடிக்கும் மலைச்சரிவின் ஏக்கர்களுக்கும் பிரிவு ஒன்றே.

வைத்திருத்தலிலோ எடைக்கல்லே நீதிபதி. ஒரு கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. அதற்குக் குறைந்தது பத்தாண்டு, கூடுதலாக இருபதாண்டு. 20 கிலோ என்பது ஒரு மனிதன் தலையில் சுமக்கும் மூட்டை. மூட்டை யாருடையது, முதல் போட்டவர் யார், இலாபம் எங்கே சென்றது என்று எடைக்கல் கேட்பதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒடிசா, ஆந்திர எல்லையோர ஆதிவாசிக்கு வெளியூர் வியாபாரி முன்பணம் தருகிறான். விளைந்ததைச் சுமந்து செல்ல வேலையற்ற இளைஞனைக் கூலிக்கு அமர்த்துகிறான். 2021இல் ஆந்திரக் காவல்துறை 'ஆபரேஷன் பரிவர்த்தனா' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது. பயிர் அழிந்தது, முன்பணம் தந்த மூலதனம் வேறு சரிவுக்கு இடம்பெயரும். பிடிபடுபவன் சுமந்தவனே.

பிடிபட்டவன் வெளிவருவதும் எளிதன்று. வணிக அளவு வழக்கில், அவன் குற்றவாளி அல்லன் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் நிறைவடைந்தால்தான் பிணை. குற்றமனம் இருந்ததாகவே சட்டம் ஊகிக்கிறது. இல்லையென்று மெய்ப்பிக்கும் சுமை எழுத்தறியாத அந்தச் சுமைகூலியின் தலையில். அதிகாரிகளிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே தண்டிக்கும் வழக்கத்துக்குத் தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது 2020இல்தான். சட்டம் பிறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன!

விளக்கொளியில் வளரும் சரக்கு

இனி, வீட்டுக்குள் வளர்ப்பது விடுதலை என்ற வாதத்தைப் பார்ப்போம். இமயத்தின் சரிவுகளில் வெயிலிலும் மழையிலும் தானாக முளைக்கும் செடி இது. அதை மூடிய அறைக்குள் கொண்டுசென்றது தடைதான். கலிஃபோர்னியாவில் 1983 முதல் ஹெலிகாப்டர்கள் வயல்களை வேட்டையாடின. வளர்ப்போர் கூரைக்கடியில் ஒளிந்தார்கள். சூரியனுக்குப் பதில் மின்விளக்கு, காற்றுக்குப் பதில் குளிரூட்டி என்றானது. தடை நீங்கிய பின்னும் முதலாளிகள் அந்த அறையைக் கைவிடவில்லை. ஆண்டு முழுதும் அறுவடை, ஒரே தரம், உயர்ந்த போதைச் செறிவு ஆகியவை சந்தைக்குத் தேவைப்பட்டன. அமெரிக்காவில் இவ்வாறு உள்ளறையில் விளையும் ஒரு கிலோ உலர்பூவுக்கு, இடத்துக்கேற்ப 2000 முதல் 5000 கிலோவுக்கு மேல் வரை கரியமிலவாயுவுக்கு நிகரான வாயுக்கள் வெளியேறுவதாக 2021இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வெயில் இலவசமாகச் செய்ததை மின்கட்டணம் செலுத்திச் செய்யும் இந்த விந்தை முதலாளித்துவத்துக்கே உரியது.

சிறு விவசாயிக்கு என்ன நேர்ந்தது? பல பத்தாண்டுகள் சிறைக்கு அஞ்சிப் பயிரிட்டவர்கள் ஹம்போல்ட் மாவட்டத்தின் சிறு குடும்பங்கள். 2016 வாக்கெடுப்புக்குப் பின் சட்டபூர்வ வணிகம் வந்தது. பெருநிறுவனங்கள் சிறு உரிமங்களை அடுக்கடுக்காகச் சேர்த்துப் பெரும்பண்ணை அமைத்தன. விலை சரிந்தது. சிறு குடும்பங்கள் கடனில் வீழ்ந்தன.

நம் நாட்டிலும் மேடை தயாராகிறது. உத்தராகண்டில் 2018 முதல் நாருக்கான கஞ்சா வகைக்கு உரிமம் வழங்கப்படுகிறது. போதைக்கூறு 0.3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. மலையில் விளையும் நாட்டுச் செடி இந்த வரம்புக்குள் அடங்குவது அரிது. ஆகவே விதையை விலைக்கு வாங்க வேண்டும். 2024 செப்டம்பரில் இமாச்சல சட்டமன்றம் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கான சாகுபடியை அனுமதிக்கப் பரிந்துரைத்த குழுவின் அறிக்கையை ஏற்றது. ஜம்முவிலுள்ள மைய அரசின் ஆய்வுக்கூடம் கனடிய நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்துள்ளது. மருத்துவ ஆய்வு தேவையானதே. கடும் வலிப்பு நோய் வகைகளுக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்தை அமெரிக்காவே 2018இல் ஏற்றது. நம் கேள்வி உடைமை பற்றியது. விதை யாருடையது? உரிமம் யாருக்கு? குல்லுவின் மலைக்கிராமத்தான் பழைய வழக்கில் வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருக்க, நகர முதலீட்டாளர் அதே செடிக்குக் குளிரூட்டிய கொட்டகை எழுப்புவாரா?

மூத்த தோழருக்கு ஒரு சொல்

கஞ்சா தீங்கற்றது என்று நான் வாதிடவில்லை. வளரிளம் பருவத்தில் தொடங்கும் அன்றாடப் பழக்கம் மூளையைப் பாதிக்கிறது. சிலருக்கு மனச்சிதைவைத் தூண்டுகிறது. குடும்பங்கள் படும் துயரம் மெய்யானது. ஆனால் நாற்பதாண்டுத் தடை அதைத் தடுத்ததா? 2019இல் வெளியான அரசின் தேசிய ஆய்வின்படி ஓராண்டில் 3.1 கோடிப் பேர் கஞ்சாவை ஏதேனுமொரு வடிவில் நுகர்ந்திருக்கிறார்கள். மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி. அந்த 16 கோடிக்கு அரசுகளே கடை திறந்து வைத்திருக்கின்றன. எனவே ஒழுக்கத்தின் பெயரால் இச்சட்டத்தைக் காப்பது நமக்குத் தகாது. சிறு அளவோடு பிடிபட்ட அடிமை நோயாளி தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு என்று இச்சட்டமே 64ஏ பிரிவில் கூறுகிறது. காவல் நிலையத்தில் அதை எடுத்துரைக்க ஏழையின் பக்கம் யார் நிற்கிறார்கள்? குடிசைப் பகுதிப் பிள்ளைக்குத் தேவை மருத்துவர், விளையாட்டுத் திடல், வேலை. சிறைக்கொட்டடி இவற்றில் எதையும் தராது.

நாம் கோர வேண்டியவை

பயன்படுத்துதலும் சிறு அளவு வைத்திருத்தலும் குற்றவியல் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். போர்ச்சுகல் 2001இல் இதைச் செய்தது, வணிகத்தை அவிழ்த்துவிடாமலே. சொந்தத் தேவைக்கான ஓரிரு செடிகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். இளந்தோழரின் கோரிக்கைக்கு இங்கே இடமுண்டு. சுமைகூலியையும் முதல் போட்டவனையும் ஒரே தராசில் நிறுக்கும் எடைவிதி மாற வேண்டும். பிணைத் தடை நீங்க வேண்டும். சிறு வழக்குகளில் வாடும் ஏழைகள் விடுவிக்கப்பட வேண்டும். சாகுபடி அனுமதிக்கப்படுமானால் முதல் உரிமை மலை விவசாயிகளின், ஆதிவாசிகளின் கூட்டுறவுகளுக்கு, கொள்முதல் பொதுத்துறைக்கு, விளம்பரத்துக்கு முழுத்தடை. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் இலவச மறுவாழ்வுப் பிரிவு வேண்டும்.

தொட்டிச் செடியின் உரிமையை மட்டும் கேட்டு நின்றால் நாம் நடுத்தர வர்க்கத்தின் மாடிமுகப்போடு நின்றுவிடுவோம். தடையை மட்டும் போற்றினால் காவல் நிலையத்தின் வாசலில் நின்றுவிடுவோம். நம் இடம் மூட்டையைச் சுமந்து சிறை சென்றவனின் பக்கத்தில். தோழர்களே, நிறுவனங்களின் உரிமங்கள் வந்து சேருமுன் இந்த விவாதத்தைக் கிளைகளில் தொடங்குவோம்!