காசிக்கு டிக்கெட் எடுக்கும் முன்னே...

பெரியவர்களைக் காசிக்கு அழைத்துப் போவது என்று முடிவானதும் நம் வீடுகளில் முதலில் நடப்பது டிக்கெட் எடுப்பது. அடுத்து கயா, பிரயாகை, முடிந்தால் அயோத்தி என்று ஊர்களை அடுக்குவது. புறப்பட நாலு நாள் இருக்கும்போதுதான் வைத்தியர் ஞாபகம் வரும். "டாக்டர், அப்பாவுக்கு 72 வயசு. வழியில வயிறு கெட்டா ஒரு மருந்து கொடுங்க!"

இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கருத்து. குழுவில் யார் உடம்பு பலவீனமோ, அவரை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

முதலில் பருவம். கோடை விடுமுறை என்பதற்காக மே, ஜூனில் போகாதீர்கள். காசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை பெருகிப் படித்துறைகள் மூழ்கிவிடும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் கடுங்குளிர். மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஆஸ்துமா, மூட்டுவலிக்காரர்கள் படாத பாடு படுவார்கள். அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும், பிப்ரவரியும் மார்ச் முற்பகுதியும் உத்தமம்.

அடுத்தது ரயில். சென்னையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஒன்றரை நாளாவது ஆகும். 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்பாகத்தான் முன்பதிவு செய்ய முடியும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

ரயில் கழிப்பறைக்குப் பயந்து நம் தாய்மார்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீரை அடக்குவதும் உண்டு. அடக்கக் கூடாத 14 வேகங்களில் சிறுநீரும் ஒன்று என்கிறது சித்த மருத்துவம். காசியில் இறங்கும்போதே நீர்க்கடுப்பு வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். காய்ச்சி ஆறிய நீரை அடிக்கடி கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ கால் மரத்துவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் சொல்கிறேன்: சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பயணத்தில் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். பத்து நாளைக்குக் கூடுதலாகவே எடுத்து, பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். சுக்குப்பொடி, ஓமம், வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவையும் இருக்கட்டும்.

காசியில் இறங்கிய அன்று எங்கும் போகாதீர்கள்! குளித்து, சூடாக ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கட்டும். அந்த ஒரு நாள் வீணல்ல. மற்ற நாட்களைக் காப்பாற்றுவதே அதுதான். 84 படித்துறைகளையும் ஏறி இறங்கினால் முழங்கால் என்ன ஆகும்? படகில் உட்கார்ந்தபடியே கரை முழுவதையும் பார்க்கலாம். கங்கை நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். பக்திக்கு அது போதும். நகரங்களின் கழிவு கலக்கும் ஆற்றுநீரை முதியவர்கள் வாயில் விட வேண்டாம். குடிக்கக் காய்ச்சிய நீர்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கயா ஏறக்குறைய 250 கிலோமீட்டர்; பிரயாகை சுமார் 120. ஐந்தே நாளில் மூன்று ஊர் என்று ஓடினால் பெரியவர்கள் பேசாமல் கூடவே வருவார்கள். "செலவு பண்ணிக் கூட்டி வந்திருக்கான், எப்படி முடியலைன்னு சொல்றது?" என்ற தயக்கம். ஊர் திரும்பியதும் படுத்துக்கொள்வார்கள்.

அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே உட்கார வைத்துக் கேளுங்கள்: "அம்மா, நீ முக்கியமாப் பார்க்கணும்னு நினைக்கிறது எது?" ஒருவர் விசுவநாதர் தரிசனம் என்பார். இன்னொருவர் கயாவில் தன் பெற்றோருக்குப் பிண்டம் போட வேண்டும் என்பார். அதை முதலில் வையுங்கள். மற்றதெல்லாம் உடம்பு இடம் கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம்.