‘மட’ என்றால் இன்னசென்ட் இல்லை

தமிழில் ‘மட’ என்று ஓர் அடைமொழி இருக்கிறது. மட மான், மட அன்னம், மடப்பிடி, மட மகள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைத் திறந்தால் அறியாமை, அழகு, மென்மை எல்லாம் ‘மடம்’ என்ற ஒரே சொல்லின் கீழ் வரிசையாக நிற்கும். இத்தனை பொருளுள்ள சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் புத்திமதி, இடம் பார்த்துப் பொருள் கொள் என்பது. மானுக்கு வந்தால் இளமை. மரத்துக்கு வந்தால் ஏமாளித்தனம். பெண்ணுக்கு வந்தால் ‘இன்னசென்ட்’. இந்தப் புத்திமதியை நான் ஏற்கவில்லை. இடம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு இவர்கள் பார்ப்பது ஆளை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலத் தொகுப்புக்காக, ஆங்கிலத் துறைத் தோழி ஒருத்தியும் நானும் சில அகப்பாடல்களை மொழிபெயர்த்து அனுப்பினோம். ‘மட’ வந்த இடமெல்லாம் ‘டோசைல்’ என்று போட்டிருந்தோம். அச்சில் வந்தபோது பெண்ணுக்கு வந்த இடங்களில் எல்லாம் ‘இன்னசென்ட்’ ஆகியிருந்தது. கேட்டதற்கு, மாட்டைச் சொல்வதுபோல் இருக்கிறது, காதல் பாட்டின் அழகு கெடுகிறது என்று பதில் வந்தது. மாட்டைச் சொல்வதுபோல் இருக்கிறது என்பது உண்மைதான். தமிழிலும் அது மானுக்கும் பிடிக்கும் வருகிற அடைதானே! அங்கே உறுத்தாதது ஆங்கிலத்தில் உறுத்தினால், மொழிபெயர்ப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

‘இன்னசென்ட்’ என்ன செய்கிறது என்று பாருங்கள். பெண் இயல்பிலேயே ஒன்றும் அறியாதவள், கள்ளமில்லாதவள், பூப்போன்றவள் என்கிறது. யாரும் அவளை எதுவும் செய்யவில்லை. அவள் அப்படியே பிறந்தாள். நம் இலக்கண நூல்கள் இவ்வளவு நல்ல பிள்ளை வேடம் போடவில்லை. தொல்காப்பியக் களவியல் அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்கு எந்நாளும் உரியவை என்கிறது. (பயிர்ப்பு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட நான்காவது.) அதே தொல்காப்பியம் பொருளியலில் பெண்ணின் குணங்களை அடுக்கும்போது அறிவையும் சேர்த்துச் சொல்கிறது. அறிவும் அவளுக்கு உரியது, மடமும் அவளுக்கு உரியது என்றால் மடம் எப்படி அறியாமை ஆகும்? பழைய உரைகாரர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. இறையனார் களவியல் உரை மடத்துக்குத் தரும் விளக்கத்தை இன்றைய தமிழில் சொன்னால் இப்படி வரும்: பிறர் உள்ளே ஏற்றியதை வாங்கிக்கொள்வது, வாங்கியதைக் கடைசிவரை விடாமல் இருப்பது. நோட்ஸ் புத்தகங்களில் நம் மாணவிகள் மனப்பாடம் செய்யும் இன்னொரு விளக்கம், அறிந்தும் அறியாததுபோல் இருப்பது. முதலாவது பயிற்சி, இரண்டாவது நடிப்பு. இரண்டிலும் ஒன்றும் தெரியாத பெண் இல்லை.

‘டோசைல்’ என்ற சொல்லை நாங்கள் எடுத்தது இதனால்தான். இன்று அதற்குச் சொன்னபடி கேட்பது என்று பொருள். மூலம் லத்தீனில் ‘கற்பித்தல்’ என்ற வினை. எளிதில் கற்பிக்கப்படக்கூடியது என்பதே அதன் முதற்பொருள். களவியல் உரைகாரர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். ‘டாக்டர்’ என்ற பட்டமும் அதே வினையிலிருந்து வந்தது என்பது, பெயருக்கு முன் அதைப் போட்டுக்கொள்ளும் எனக்குக் கொஞ்சம் சங்கடமான தகவல்.

மரத்துக்கு மட்டும் அது பொருந்துமா என்று கேட்டார்கள். குறுந்தொகையின் 66ஆம் பாட்டைப் பார்ப்போம். கார்காலத்தில் வருவேன் என்று போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி, இது கார்காலமே இல்லை, பருவம் தப்பிய மழையைப் பார்த்து இந்தக் கொன்றைகள் ஏமாந்து பூத்துவிட்டன, இவை மடமை உடையவை என்கிறாள். ஏ. கே. ராமானுஜன் இங்கே ஏமாளி என்ற பொருளில் ‘கல்லிபிள்’ என்று போட்டார். ஒரே பாட்டாக எடுத்துக்கொண்டால் கச்சிதமான சொல். ஆனால் கொன்றை ஏமாறவில்லை. மழை வந்தால் பூ என்று அதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது, பூத்தது. பருவம் வந்துவிட்டது என்பது தோழிக்கும் தெரியும். தெரிந்தே தெரியாததுபோல் பேசி, பழியை மரத்தின்மேல் போட்டு, தலைவியைத் தேற்றுகிறாள் அவள். மேலே சொன்ன இரண்டு மடமும் இந்தப் பாட்டுக்குள் இருக்கின்றன: மரம் கற்பித்தபடி நடக்கிறது, பெண் அறிந்தே மறைக்கிறாள். மரத்துக்கு ஒரு சொல், மகளுக்கு வேறொரு சொல் என்று பிரித்துப் போட்டால் இரண்டுக்கும் நடுவே ஓடும் கயிறு ஆங்கிலத்தில் அறுந்துவிடும்.

இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தியபோது, சூலக்கரையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி எழுந்தாள். அவள் அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். “எங்கம்மாவும் அந்தத் தோழி மாதிரிதான் மேம். எந்த மருந்து எவ்வளவு சூட்டுக்குத் தாங்கும், ஒரு அறையில எத்தனை பேரு உக்காரலாம், எல்லாம் தெரியும். ஆனா போர்மேன் கிட்ட தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா மறுநாள் வேன் நிக்காது.” வகுப்பு சிரிக்கவில்லை. பாதிப் பேர் வீட்டில் அதே வேன்.

2012இல் முதலிப்பட்டி, 2021இல் அச்சன்குளம். ஒவ்வொரு பெரிய வெடிவிபத்துக்குப் பிறகும் தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அப்பாவிகள் என்ற பேச்சு எங்கள் பக்கம் கிளம்பும். அப்பாவி என்பது ‘இன்னசென்ட்’டின் தமிழ் வடிவம். அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால், தெரிந்ததைச் சொல்ல முடியாமல் வைத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. குத்தகைக்கும் உள்குத்தகைக்கும் விட்ட அறையில், பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவள், தீபாவளி நெருக்கத்தில் எதைக் கேட்பாள்? அவளுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்துவது சுலபம். கேள்வி கேட்டவளை மறுநாளும் வேலைக்கு வைத்திருப்பதுதான் கடினம்.

மடந்தை என்ற சொல்லிலும் இதே ‘மட’தான் நிற்கிறது. பெண்ணின் ஏழு பருவங்களில் அது 14 முதல் 19 வரை. எங்கள் கல்லூரி வயதும் ஆலைக்குப் புதிதாகச் சேரும் வயதும் அதுவே. ஏழாவதான பேரிளம்பெண் நாற்பதோடு முடிந்துவிடுகிறாள். அதற்கு மேல் எனக்குப் பட்டியலில் பெயர் இல்லை. அதனால் வாயைத் திறப்பது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

பல பொருள் ஒரு சொல்லை ஒரே ஆங்கிலச் சொல்லால் எங்கும் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு விதிக்கு விரோதம் என்பார்கள். பொதுவாக நானும் ஒப்புவேன். ‘நல்ல’ என்பதை அப்படிச் செய்தால் நல்லெண்ணெயும் நல்ல பாம்பும் கெட்டுப்போகும். ஆனால் ‘மட’ வெறுமனே பல பொருள் கொண்ட சொல் இல்லை. பணிவை அழகாகக் காட்டுவதற்காகவே இளமானையும் இளம்பெண்ணையும் ஓர் அடைக்குள் கட்டி வைத்த சொல். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கட்டை அவிழ்த்து, அழகை மட்டும் எடுத்து, பணிவைத் தமிழிலேயே விட்டுவிட்டுப் போனால், ஆங்கில வாசகி என்னை எங்கே பார்ப்பாள்?

அதே பாடல்களை வேறொரு பதிப்பகம் கேட்டிருக்கிறது. மானுக்கும் கொன்றைக்கும் மகளுக்கும் ‘டோசைல்’ என்றே அனுப்புகிறோம். மாற்றக் கூடாது என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டோம்.